ஆள் தேவைப்படாத பெட்டி

நான் ஓய்வு பெற்ற வாரமே சென்னையில் என் மகன் எனக்கு ஓர் அறையைத் தயார் செய்துவிட்டான். வீடியோ காலில் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். ஒரு கட்டில், அதன் மேல் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிகள், மூலையில் யாரும் ஏறாத டிரெட்மில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அடுக்ககத்தின் ஜன்னல். "இதுதாம்மா உன் ரூம். நீ அங்க தனியா இருக்கேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரல" என்றான். அதே மூச்சில், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா சம்பளம் கூட்டிக் கேட்கிறார் என்ற செய்தியையும் சொன்னான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நானும் பெருந்தன்மையாக நம்பினேன்.

எனக்குக் கொடைக்கானலை விட்டு இறங்க விருப்பமில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது இங்கே, கல்யாணம் நடந்தது இங்கே, கணவரை அடக்கம் செய்தது இங்கே. மிஷன் பள்ளி ஒன்றின் விடுதியில் ஸ்டோர் பார்த்தே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. அரிசி முதல் சோப்பு வரை கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்து, ஏன் குறைகிறது, ஏன் தீர்ந்தது, ஏன் போன வாரத்து சோப்பு இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் மனிதக் குரல் என்றாலே எனக்கு ஒவ்வாமை வந்துவிட்டது. இனி என் வீட்டில், என் மலையில், யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

"கைக்கு வந்த பணத்துல ஒரு தொழில் பண்ணிப் பாக்கறேன். சீசன் முடியறதுக்குள்ள அது சொந்தக் கால்ல நிக்கலேன்னா பேசாம வந்துர்றேன்" என்று மகனிடம் சொன்னேன்.

"பேச்சு மாறக் கூடாதும்மா."

சத்தியம் செய்யக் கூடாது என்று வேதத்தில் இருப்பதால் சரி என்று மட்டும் சொன்னேன். அவன் அதைச் சத்தியத்துக்கு மேலாக எடுத்துக்கொண்டு டிரெட்மில்லை ஹாலுக்கு நகர்த்திவிட்டான்.

என்ன தொழில் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கண்ணாடி போட்ட விற்பனைப் பெட்டி ஒன்றை முன்பே பார்த்திருந்தேன். ஒருவர் போனைக் காட்டினார், பொத்தானை அழுத்தினார், பிஸ்கட் பொத்தென்று விழுந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருவருக்கு இடையில் நடக்கிற வியாபாரத்தில் ஒருவர் இல்லவே இல்லை. மோட்சத்தில் கடை இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றே எனக்குப் பட்டது.

என் தம்பி சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். மலையில் எந்த இடத்தில் எதை வைத்தால் ஓடும் என்பது அவனுக்கு அத்துப்படி. அவன் வைத்த எதுவும் இதுவரை ஓடியதில்லை என்பது வேறு விஷயம். அவனையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இந்தப் பெட்டிகளை விற்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் எங்களை வரவேற்று முதல் வாக்கியத்திலேயே என் மனதைக் கொள்ளையடித்தார். "ஆளே வேண்டாமுங்க மேடம். ஒருக்கா சரக்கை ரொப்பிப் போட்டு வீட்டுல போய்ப் படுத்துக்குங்க. அது பாட்டுக்கு வித்துட்டு இருக்கும்."

முதலில் குளிர்பானப் பெட்டியைக் காட்டினார். உள்ளே எப்போதும் நாலு டிகிரி இருக்கும் என்றார்.

"மார்கழியில எங்க ஊருல வெளியவே அப்படித்தாங்க இருக்கும்" என்றான் தம்பி. "வெளிய சூடு பண்ற மாதிரி ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் விற்கும் பெட்டிக்கு நகர்ந்தார். கோயம்புத்தூரில் அதுதான் முதலிடமாம். சின்ன பிளாஸ்டிக் பாட்டில் எங்கள் மலைக்கு ஆகாது, சோதனைச் சாவடியிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று விளக்கினேன். வண்டிக்கு இ-பாஸ், பாட்டிலுக்குத் தடை என்று கேட்டதும் நாங்கள் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் போலப் பார்த்தார். அடுத்தது காபிப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் கப் நிறைய நுரையும் அடியில் கொஞ்சம் காபியும் வந்தது.

"இதுல சீனி கம்மியா, டிகாக்‌ஷன் தூக்கலா, ஆத்தாம கேட்டா வருமா?" என்றேன்.

"அதெல்லாம் புரோகிராமுங்க. மாத்த முடியாதுங்க."

எங்கள் ஊரில் டீ மாஸ்டரிடம் நாலு திருத்தம் சொல்லாமல் ஒருவரும் ஒரு கிளாஸ் டீ வாங்குவதில்லை. திருத்தம் சொல்வதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பெட்டியை வைத்தால் முதல் நாளே கண்ணாடியை உடைப்பார்கள்.

கடைசியில் மூலையில் நின்ற நொறுக்குத்தீனிப் பெட்டியில் என் கண் நின்றது. வரிசை வரிசையாகச் சுருள் கம்பிகள்; பொத்தானை அழுத்தினால் கம்பி ஒரு சுற்று சுற்றும், முன்னால் இருக்கும் பொட்டலம் விழும். ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்ட ஏதோ ஒரு ஐ.டி. அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த பெட்டி, அதனால் விலை குறைவு. விழுந்த பொருளை எடுக்கச் சொல்லி, பெண் குரலில் "ப்ளீஸ் கலெக்ட் யுவர் ஐட்டம்" என்றும் சொல்லும். வாழ்நாளெல்லாம் நான் ஸ்டோரில் கத்திய வாக்கியத்தை இங்கிலீஷில் இவ்வளவு பொறுமையாக ஒருத்தி சொல்வதைக் கேட்டதும் எனக்கு அவள் மேல் பாசமே வந்துவிட்டது.

இருந்தாலும் ஏமாறக் கூடாது அல்லவா? எதிர்க் கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் வாங்கிவரச் செய்து, கம்பிகளில் சொருகி, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் அழகாக விழுந்தன. தம்பி ஒவ்வொன்றுக்கும் விக்கெட் விழுந்த மாதிரி கை தட்டினான். பெட்டியை வாங்கிவிட்டேன்.

"இடந்தானுங்க முக்கியம்" என்று வழியனுப்பும்போது விற்பனையாளர் சொன்னார். "சனம் வேலையில்லாம காத்துக்கிட்டு நிக்கற இடமா பாத்து வெச்சுப்போடுங்க."

"வேல இல்லாம நிக்கிற சனமா? எங்க ஊரே அப்படித்தாங்க" என்றான் தம்பி.

பெட்டியை வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு இடம் தேடப் புறப்பட்டோம். ஏரிக்கரையில் ஆரம்பித்தோம். அங்கே பஜ்ஜிக் கடையும் சோளக் கடையும் இல்லாத ஓரடி இடம் கிடையாது. ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் ஒரு கட்சிக் கொடி, ஒவ்வொரு கொடிக்குப் பின்னாலும் ஒரு மச்சினன். மலை விளிம்பில் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடத்துக்குப் போனோம். பள்ளத்தாக்கு மூடுபனிக்குள் இருந்தது. குரங்குகள் வெளியே இருந்தன. ஒரு குரங்கு ஒரு மாமியின் கைப்பையைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஜிப்பை மூடாமல் போனது. அந்தக் குரங்குகளுக்குத் தெரியாதது போனைக் காட்டிப் பணம் கட்டுவது ஒன்றுதான். பணம் கட்டாமல் எடுப்பது எப்படி என்று அவை ஒரே காலையில் கற்றுக்கொள்ளும்.

தம்பிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. "கிளாவரைக்குப் போவோம்க்கா. கடைசி பஸ் ஸ்டாப்பு. போட்டிக்கு ஒரு நாதி கெடையாது."

போட்டிக்கு மட்டுமல்ல, வாங்கவும் நாதி கிடையாது என்பதை ஜீப்பில் எலும்பு குலுங்கிப் போய்த்தான் தெரிந்துகொண்டோம். கேரள எல்லைக்குப் பக்கத்தில், பூண்டும் கேரட்டும் உருளையும் போடுகிற ஊர். வெயில் இருக்கும்போதே கேரட்டைக் கழுவி மூட்டை கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் இருந்தார்கள். வேலையில்லாமல் நின்றது நாங்கள் இருவர்தான். கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, பெட்டியில் என்ன வரும் என்று கேட்டார். உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் என்றேன்.

"கெழங்க எங்ககிட்ட வாங்கிட்டுப் போயி, வறுத்து, பையில போட்டு, எங்களுக்கே விக்கப் போறீங்களாக்கும்?" என்றார். "நல்லா இருக்குங்க உங்க சோலி."

திரும்பும் வழியில் தம்பி வாயைத் திறக்கவில்லை. அதற்காகவாவது கிளாவரைக்கு ஒருமுறை போயிருக்கலாம்.

கடைசியில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற ஒருவர் நடத்தும் சின்ன லாட்ஜில் இடம் கிடைத்தது. விடியற்காலை வந்து சேர்ந்துவிட்டு, அறை காலியாகாமல் நடுப்பகல் வரை வரவேற்பறையில் கொட்டாவி விடுகிற கூட்டம் அங்கே உண்டு. விற்பனையாளர் சொன்ன அதே சனம். மகனுக்குப் போன் செய்து இடம் கிடைத்துவிட்டது என்றேன். "வாழ்த்துக்கள்மா" என்றான், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

எங்கள் ஜனத்தில் எதையும் மந்திரிக்காமல் தொட மாட்டோம். பைக் வாங்கினாலும் மிக்ஸி வாங்கினாலும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு ஜெபம் செய்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் சுவிட்சைப் போடுவது. பெட்டிக்கும் அப்படியே ஏற்பாடு செய்தேன். எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள், கேக் வெட்டினோம். சாமியார் தாராள மனசுக்காரர். நாலு பக்கமும் தெளித்துவிட்டு, நல்ல விளைச்சல் கொடுக்கட்டும் என்று முன்பக்கம் இன்னொரு வீச்சு அதிகமாகப் போட்டார். அது நேராக நோட்டு வாங்கும் வாய்க்குள் போனது. பெட்டி ஒருமுறை விம்மி விளக்கை அணைத்துக்கொண்டது. ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பெண்ணிடம் முடி உலர்த்தும் கருவியைக் கடன் வாங்கி அதன் வாயைக் காய வைத்தோம்.

உயிர் வந்ததும் சரக்கை நிரப்ப ஆரம்பித்தேன். இங்கேதான் என் பெரிய புத்திசாலித்தனம் வெளியே வந்தது. மலையேறி வந்தால் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளும். இது கொடைக்கானலில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். மேலே காற்றழுத்தம் குறைவு, பைக்குள் இருப்பது கீழே அடைத்த காற்று. எங்கள் கடைகளில் தொங்கும் பாக்கெட்டுகள் எல்லாம் எப்போதும் வயிறு முட்டிப்போய்த்தான் இருக்கும். பிறந்தது முதல் அப்படியே பார்த்ததால் சிப்ஸ் பாக்கெட்டின் உருவமே அதுதான் என்று நினைப்பு. கோயம்புத்தூரில் சோதித்துப் பார்த்தபோது அவை ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கின்றன என்று எனக்கும் தோன்றவில்லை, இந்தச் சாலையில் தினம் ஏறி இறங்கும் தம்பிக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொன்றையும் கம்பிக்குள் அமுக்கி அமுக்கித் திணித்தேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் முதல் போணி. அந்த அப்பா பணம் கட்டினார். கம்பி சுற்றியது. பாக்கெட் முன்னால் வந்து, பக்கத்துப் பாக்கெட்டோடு தோளுரசிக்கொண்டு, அப்படியே தொங்கியது. "ப்ளீஸ் கலெக்ட் யுவர் ஐட்டம்" என்றாள் பெட்டிக்காரி. அவர் மறுபடியும் பணம் கட்டினார். பின்னாலிருந்து இன்னொன்று வந்து முட்டியது. "ப்ளீஸ் கலெக்ட் யுவர் ஐட்டம்." மூன்றாம் முறை கம்பி சுற்றியபோது உள்ளே ஒரு பாக்கெட் டமாரென்று வெடித்துக் கண்ணாடி முழுக்கச் சிப்ஸ் ஒட்டியது. குழந்தை வீரிட்டது. வரவேற்பறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பெட்டி படுக்கையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி கலங்கவில்லை. "இதுக்குப் போயி ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று என் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றினான். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு குத்து. புஸ்ஸென்று இறங்கி எல்லாம் கோயம்புத்தூர் அளவுக்கு வந்தன. அன்று மத்தியானம் வரை அவன் விஞ்ஞானி. சாயங்காலம் மூடுபனி இறங்கி ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததும் சிப்ஸெல்லாம் அப்பளமாவு பதத்துக்கு வந்துவிட்டது. கடித்துப் பார்த்த ஒரு கல்லூரிப் பெண், இது என்ன புதுவகைப் பலகாரம் என்று கேட்டாள்.

அப்புறம் கடலை மிட்டாய் வைத்தேன், பிஸ்கட் வைத்தேன். ஊரில் தடுக்கி விழுந்தால் சாக்லேட் கடை, நானும் சாக்லேட் வைத்தேன். ஜனங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் வாங்கினார்கள். வாங்கிய சிலரையும் மின்வெட்டு பார்த்துக்கொண்டது. பணம் போன பிறகு, கம்பி பாதி சுற்றியிருக்கும்போது, சொல்லி வைத்த மாதிரி கரண்ட் போகும். இருட்டில் பெட்டியைத் தட்டுகிற சத்தம் தெருவரை கேட்கும். லாட்ஜ்காரர் ஒருநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, அந்த எடத்துல மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன்" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன்.

தம்பி பழனிக்கு இறக்கிவிடலாம் என்றான். அடிவாரத்தில் காற்றழுத்தம் சரியாக இருக்கும், பாக்கெட் ஒல்லியாக இருக்கும், பக்தர்கள் வரிசையில் காத்து நிற்பார்கள். எல்லாம் சரிதான். கீழே இறங்குவதென்றால் நான் சென்னைக்கே இறங்கலாமே? இறங்காமல் இருப்பதற்குத்தானே இந்தப் பெட்டி? அன்று ராத்திரி ஜெபத்தில் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "மெஷின் எப்படிம்மா போகுது?" என்று கேட்டான். நன்றாகப் போகிறது என்றேன். லாட்ஜிலிருந்து கிளப்பிய பெட்டியை ஜீப்பில் ஏற்றி எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னதால் அது பொய்யாகாது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பயணிகளின் பைகளை வாங்கி வைக்கும் லக்கேஜ் அறை ஒன்று இருந்தது. அதன் முகப்பில் ஒரு மூலை கிடைத்தது. வெள்ளனே நாங்கள் இருவரும் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது வெளியூர் பஸ்கள் வந்து நின்றன. இறங்கியவர்களைப் பார்க்க வேண்டுமே! கொடைக்கானல் மலை மேல் இருக்கிறது என்று யாருமே அவர்களிடம் சொல்லாதது போல, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக, தாடை தந்தியடிக்க, தம்மைத் தாமே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்வெட்டர் கடைக்காரர்கள் வெயில் ஏறாமல் ஷட்டரைத் தூக்க மாட்டார்கள். ஒரு பெங்களூர்ப் பையன் நேராகத் தம்பியிடம் வந்து, "அண்ணா, உங்க குல்லாவக் குடுப்பீங்களா? என்ன வேணா தர்றேன்" என்றான்.

தம்பியின் குல்லா போன கிறிஸ்துமஸிலிருந்து தண்ணீரைப் பார்த்ததில்லை. அதை அவன் வாங்கின விலைக்கு மேலேயே கொடுத்தான். அந்தப் பையன் முகர்ந்துகூடப் பார்க்காமல் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

நான் அன்றே மதுரைக்குப் போய் மொத்த வியாபாரியிடம் கம்பளிக் குல்லாவும் கையுறையும் காலுறையும் வாங்கி வந்தேன். சுருட்டி, காகிதம் சுற்றி, நூல் கட்டி, கம்பிகளில் சொருகினேன். கம்பளி உப்பாது, வெடிக்காது, பனியில் நமுக்காது. பொத்தானை அழுத்தினால் பூனை குதிப்பது போலச் சத்தமில்லாமல் விழுந்தது. இந்தப் பெட்டி பிறவி எடுத்ததே குல்லா விற்கத்தான் என்று தோன்றியது.

ஆனாலும் விற்கவில்லை.

மறைந்து நின்று பார்த்தேன். ஒரு மதுரைக்காரர் நடுங்கிக்கொண்டே வந்து கண்ணாடியில் ஒட்டியிருந்த விலையைப் படித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். "யாருங்க இருக்கீங்க? இது கம்மி பண்ணித் தருவீங்களா?" என்று பெட்டியைக் கேட்டார். பெட்டி பேசாமல் இருந்தது. நான் வெளியே வந்து, இதுதான் விலை, குறையாது என்றேன். "அப்ப வேணாம்" என்று நடுக்கத்தோடு போய்விட்டார். அடுத்தவரும் அப்படித்தான். கொடைக்கானலில் கம்பளி என்றால் கடைக்காரர் இரண்டு மடங்கு சொல்ல வேண்டும், வாங்குகிறவர் பாதிக்குக் கேட்க வேண்டும், கோபித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போக வேண்டும், கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். முதல் வாயிலேயே நியாயமான விலை சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

மறுநாள் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். கண் மட்டும் தெரிகிற குல்லாவும் சால்வையும் சுற்றிக்கொண்டு, அதே குல்லாக்களை மடியில் பரப்பி உட்கார்ந்தேன். கேட்டவர்களுக்குப் பெட்டியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு விலை சொன்னேன்.

"என்னங்க அநியாயமா இருக்கு? அங்க மெஷின்ல பாதி விலைக்குக் கெடக்கே!"

"அது மெஷினுங்க. அதுக்கு என்ன தெரியும்?"

"அதுவும் இதுவும் ஒண்ணுதானே?"

கையால் பின்னியது என்று சொல்ல நாக்கு துடித்தது. பொய் சொல்லக் கூடாது என்பதால் "கம்பளி கம்பளிதாங்க" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். என்னை முறைத்துவிட்டுப் போய்ப் பெட்டியில் பணத்தைக் கட்டினார்கள். மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, ஊரிலிருக்கிற மாமனாருக்கு ஒன்று. விழ விழ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பேரம் பேசி ஒரு கொள்ளைக்காரியைத் தோற்கடித்த திருப்தியில் அவர்களுக்குக் குளிரே பாதி விட்டுப்போனது.

பாவம் பார்த்து என் மடியிலிருந்து வாங்கியவர் ஒரே ஒரு பெரியவர். கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். எனக்கு மனசு கேட்காமல் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பணத்தையும் பார்த்தார், குல்லாவையும் பார்த்தார், ஏதோ கோளாறு இருக்கிறது என்று குல்லாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்குப் போனார்.

கோயம்புத்தூர் விற்பனையாளர் ஒருநாள் போனில் குசலம் விசாரித்தார். "எப்புடீங்க மேடம் ஓடுது? ஆளே வேண்டாம்னு சொன்னனுங்களே?"

"அருமையா ஓடுதுங்க. ஆள்தான் ஸ்டூல்ல ஒக்காந்திருக்கேன்" என்றேன்.

காலை முழுவதும் வசவு, ஏரிக்கு எப்படிப் போவது, டாய்லெட் எங்கே, மழை வருமா, இந்த ஊரில் எல்லோருமே இப்படித்தானா என்ற கேள்விகள். விடுதி ஸ்டோரிலாவது ஞாயிற்றுக்கிழமை லீவு இருந்தது. ஆனால் வெயில் ஏறி ஸ்வெட்டர் கடைகள் திறக்கும்போது என் பெட்டி காலியாகியிருக்கும். நான் என் வீட்டுக்கு நடந்துபோய், என் அடுப்பில் டீ போட்டு, என் வாசலில் நின்று குடிப்பேன். எனக்கு அது போதும். அதைவிட மேலான எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

சீசன் முடியும் தறுவாயில் ஒரு விடியற்காலை. சென்னை பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவனை அவன் நடையை வைத்தே கண்டுகொண்டேன். இந்த ஊரில் பிறந்து, இந்தக் குளிரில் பள்ளிக்கூடம் போனவன், அரைக்கால் சட்டையோடு பல் கிட்டிக்க வந்துகொண்டிருந்தான். வருவதாகச் சொல்லவே இல்லை. சந்தோஷத்தில் நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டேன்.

அவன் காதில் போன் இருந்தது. "எறங்கிட்டேன். ஆமா, இன்னைக்கே கூட்டிட்டு வந்துர்றேன்" என்று என் மருமகளிடம் சொல்லிக்கொண்டே வந்தான். "மெஷினாவது ஒண்ணாவது, அதெல்லாம் எங்க ஓடப்போகுது? நீ அந்த ஆயாம்மாகிட்ட இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிரு. அம்மா வந்துட்டா அப்புறம் எதுக்குத் தெண்டச் சம்பளம்?"

எனக்குக் கோபம் வந்தது. நான் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவன் என் முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்து, "இது எவ்ளோ?" என்றான். நான் வாயைத் திறக்காமல் விரல்களால் விலையைக் காட்டினேன்.

"ஒரு குல்லாவுக்கா? பகல் கொள்ளையா இருக்கே!" என்றவன், போனில், "உன்னச் சொல்லல. இங்க ஒரு கெழவி" என்றான். பக்கத்தில் பெட்டியைப் பார்த்தான். விலையைப் படித்தான். அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறேன். பணத்தைக் கட்டினான். கம்பி ஒழுங்காகச் சுற்றியது. குல்லா விழுந்தது. "ப்ளீஸ் கலெக்ட் யுவர் ஐட்டம்" என்றாள் அவள்.

"பாத்தீங்களா பாட்டிம்மா?" என்று என்னிடம் திரும்பினான். "மெஷின் ஏமாத்தாது."

நான் முகத்திலிருந்த குல்லாவை மேலே தூக்கிவிட்டேன்.

"ஏலே, அந்த ஆயாம்மாவ நிறுத்தாத" என்றேன். "அவுக கேட்ட சம்பளத்தக் குடுத்து வச்சுக்க."

அவன் கையில் குல்லாவோடு நின்றான். போனுக்குள் மருமகள் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் தெருமுனையில் அடுத்த பஸ்ஸின் விளக்கு திரும்பியது. நான் குல்லாவை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மடியைச் சரிசெய்தேன்.

"அப்புறம் பேசுவோம். மெஷின மறைச்சுக்கிட்டு நிக்காத, வெரசா தள்ளி நில்லு. பெங்களூர் பஸ் வருது."